சாப்பிடப் போயிருக்கார், வந்துடுவார்

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே போர்டு நைனா பலகை நடாத இடங்கள் இரண்டுதான். ஒன்று வங்காள விரிகுடா, இன்னொன்று அவர் மனைவி பிலோமியின் சமையலறை. வங்காள விரிகுடாவிலும் ஒருமுறை முயன்று பார்த்தார். ஃபைபர் படகின் பக்கவாட்டில் கட்டிவிட்ட பலகை மூன்றாம் நாள் தனியாகக் கரை ஒதுங்கியது. சமையலறையில் முயன்று பார்த்த அன்று அவருக்கு வீட்டில் சோறு கிடைக்கவில்லை.

அவருடைய இயற்பெயர் எனக்குத் தெரியாது. பதினெட்டு ஆண்டுகள் குடும்பம் நடத்திய பிலோமியே "யோவ் போர்டு" என்றுதான் கூப்பிடுவாள்.

நான் துறைமுகத்தில் முப்பத்தேழு ஆண்டுகள் டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்குவது மூட்டையோ பெட்டியோ இரும்புச் சுருளோ, அடியில் நின்று எண்ணிக் குறித்துக்கொள்வது என் வேலை. ஓய்வு பெற்று பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. எண்ணுவது மட்டும் ஓய்வு பெறவில்லை. என் வீட்டு வாசலுக்கும் விரைவுச் சாலைக்கும் இடையே ஒன்பது அடிக்கு நான்கு அடி மண் உண்டு. அதில் ஒரு முருங்கை மரம், இரண்டு பூந்தொட்டி, பிறகு கேட். கேட்டுக்கு வெளியே லாரிகள்.

லாரிகள் என்றால் ஓடுகிற லாரிகள் அல்ல. துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகள். ஒன்றன் வாலை ஒன்று மோந்துகொண்டு மைல் கணக்கில் நிற்கும். என் முருங்கை மரத்துக்கு நேரே நிற்கும் லாரி அடுத்த வீட்டு மின்கம்பத்துக்கு நகர்வதற்குள் நான் செய்தித்தாளில் வரி விளம்பரம் வரை படித்து முடித்துவிடுவேன். அதுவரை பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார். முன்னால் இடம் இருந்தாலும் அடிப்பார், இல்லாவிட்டாலும் அடிப்பார். ஒரு நாள் நண்பகல் ஒரு மணி நேரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு ஹாரன்கள். என் ரத்த அழுத்த மாத்திரை ஒன்றிலிருந்து இரண்டானது அந்த வருஷம்தான்.

போர்டு நைனாவின் சாப்பாட்டுக் கடை முன்பு சாலையோரத்திலேயே இருந்தது. சாலை அகலமானபோது கடை போயிற்று. என் வீட்டை ஒட்டிப் போகும் சந்துக்குள் தொண்ணூறு எட்டு எடுத்து வைத்தால் வரும் தன் வீட்டு முன்னறையில் பிலோமி அடுப்பை மறுபடி மூட்டினாள். சாலையில் நிற்பவனுக்கு அங்கே ஒரு கடை இருப்பது தெரிய வழியே இல்லை. ஒரு மதியத்துக்கு எழுபது இலை விழுந்த கடையில் இப்போது பதினொன்று விழுந்தது. அந்தப் பதினொன்றில் ஒன்று என்னுடையது. என் மனைவி காலமான பிறகு மதியச் சாப்பாடு எனக்கு அங்கேதான்.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், எனக்குச் சங்கரா மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே பிலோமி சொன்னாள்: "டாலி சார், பொங்கலுக்குள்ள நாப்பது எலை விழலன்னா நாங்க மீஞ்சூருக்குப் போறோம். என் தம்பி அங்க கம்பெனி கேன்டீன் எட்த்துக்கினு கீறான். ஆள் வேணுங்கிறான்."

எனக்கு அன்று குழம்பு இறங்கவில்லை. நான் சின்ன விஷயத்துக்கே கவலைப்படுகிறவன். இது பெரிய விஷயம்.

மறுநாள் காலை போர்டு நைனா என் கேட்டில் நின்றார்.

"டாலி சார், உன் வாசல்ல ஒரு போர்டு நட்டுக்கிறேன்."

"வேண்டாம்பா."

"இன்னா சார், கேக்கிறதுக்கு முன்னியே வேணாங்கிற?"

"கேட்டதுக்கு அப்புறம்தானே சொன்னேன்."

"நட்டுக்கிறேன்னுதான் சொன்னேன். இன்னும் நான் கேக்கவே இல்ல."

பிறகு முறையாகக் கேட்டார். முறையாக மறுத்தேன். அடுத்த நாள் விடிந்தபோது கேட்டுக்கு வெளியே முருங்கை நிழலில் பலகை நின்றது. பக்கத்தில் தூக்குச் சட்டியில் மீன் குழம்பு. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். மூடியைத் திறந்திருக்கக் கூடாது.

பலகை அவர் கைவேலை. இறக்குமதிப் பெட்டிகள் உடைந்த பிளைவுட், சவுக்குக் கழி, அடியில் சிமென்ட் நிரப்பிய பெயின்ட் டப்பா. காசிமேட்டில் படகுக்கு அடித்து மிச்சமான நீலப் பெயின்டில் எழுத்து. உப்புக் காற்று என்ன செய்தாலும் அந்த நீலம் போகாது. எழுதியிருந்ததில்தான் கோளாறு. பதினேழு பதார்த்தங்கள், பிலோமியின் படம், கறுப்புக் கண்ணாடி அணிந்த நைனாவின் படம், போன் நம்பர், இடம் கொடுத்த உள்ளத்துக்கு நன்றி. மொத்தம் அறுபத்து நான்கு சொற்கள். என் வீட்டில் மட்டுமல்ல, சாலையோரம் வரிசையாக இருபத்திரண்டு வீட்டு வாசல்களிலும் இதே அறுபத்து நான்கு சொற்கள். இருபத்திரண்டு தூக்குச் சட்டிகளும் போயிருந்தன.

நாற்காலி போட்டு உட்கார்ந்து காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கவனித்தேன். என் வாசலில் நின்ற லாரிகள் இருபத்தைந்து. பலகையைப் படித்த டிரைவர்கள் இருபத்து மூன்று. வாய்விட்டுப் படித்தவர்கள் ஆறு. சாம்பார் இரண்டு தடவை வந்திருக்கிறது என்று சுட்டிக்காட்டியவர் ஒருவர். இறங்கிச் சாப்பிடப் போனவர் யாரும் இல்லை.

"அல்லாரும் படிக்கிறாங்கோ, அப்பால இன்னாத்துக்கு எறங்க மாட்டங்கிறாங்கோ?" என்று கேட்டார் நைனா. கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "சுவாரசியம் பத்தல சார். கதையா வுடணும்."

அடுத்த வாரமே இருபத்திரண்டு பலகையிலும் ஒரு கதை ஓடியது. பலகைக்கு ஒரு வரி. முதல் வீட்டில் 'ஒரு டிரைவருக்குப் பசித்தது.' இரண்டாவது வீட்டில் 'அவன் ஒரு சந்துக்குள் நுழைந்தான்.' இப்படியே மழை, இருட்டு, ஒரு நாய், ஒரு பழைய பகை எல்லாம் கடந்து பதின்மூன்றாம் வீட்டில் 'அடுப்படியில் ஒரு பெண் நின்றாள்.' பதினான்காவது வீடு என்னுடையது. என் பங்குக்கு வந்த வரி: 'அவள் மெல்ல மூடியைத் திறந்தாள்.'

பதினைந்தாம் வீட்டுக்காரர் ஆடு வளர்ப்பவர். அன்று நல்ல மழை. அவர் தன் வாசல் பலகையைப் பிடுங்கி ஆட்டுக்கொட்டகைக் கூரையில் இருந்த ஓட்டையில் வைத்துவிட்டார்.

இதன் விளைவு எனக்கு. அந்த வரியைப் படித்த டிரைவருக்கு மேலே படிக்கப் பலகை இல்லை. லாரி நகரும்வரை செய்வதற்கு வேறு வேலையும் இல்லை. எல்லோரும் என் ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்கள்.

"பெரியவரே, தெறந்தா?"

"என்ன?"

"மூடியத் தெறந்தா உள்ள என்ன இருந்திச்சு?"

மூன்று நாளில் நாற்பத்து மூன்று பேர் கேட்டார்கள். "மீன் குழம்பு" என்று நாற்பத்து மூன்று பேருக்கும் சொன்னேன். நாற்பத்து மூன்று பேருக்கும் முகம் சுருங்கிவிட்டது. நான் எதையோ மறைக்கிறேன் என்று சிலர் நினைத்தார்கள். ஒருவர் தெலுங்கில் திட்டினார். இதில் இன்னொரு கூத்து, இறங்கிச் சாப்பிடப் போனால் அடுத்த வரி தவறிவிடும் என்று இறங்க நினைத்தவர்களும் வண்டியிலேயே இருந்துவிட்டார்கள். பிலோமி கடையில் இலை ஒன்பதுக்கு இறங்கியது.

நாற்பத்து நான்காவதாகக் கேட்டவர் சங்ககிரிக்காரர். மீசையும் மரியாதையும் உள்ள மனிதர். அவரிடம் நான் திருப்பிக் கேட்டேன்: "கதை கிடக்கட்டும் தம்பி. பசிக்கிறதுதானே, சந்து அதோ தெரிகிறதுதானே, ஏன் இறங்க மாட்டேன் என்கிறீர்கள்?"

"எறங்கலாமுங்க. நான் சோத்துல கை வெச்ச நேரம் பாத்து முன்னாடி வண்டி நவுந்துருச்சுன்னா? பின்னாடி இருக்கறவன் ஹாரன்லயே என்னையப் பொதைச்சுப்போடுவானுங்க. எவ்வளவு நேரமாகும்னு தெரிஞ்சா எறங்கலாமுங்க."

எவ்வளவு நேரமாகும் என்பது எனக்குத் தெரியும். என்னிடம் நான்கு நோட்டுகள் நிறைய அதுதான் இருக்கிறது. முருங்கை மரத்திலிருந்து மின்கம்பத்துக்குச் சராசரி பத்தொன்பது நிமிடம். நோட்டுகளை எடுத்துக்கொண்டு சந்துக்குள் ஓடினேன். எழுபத்து நான்கு வயதில் ஓடினேன் என்று சொல்வது பெருமைக்காக அல்ல. பின்னால் வந்த குடலிறக்கத்துக்கு டாக்டர் காரணம் கேட்டபோது இதையும் சொல்ல வேண்டியிருந்தது.

"எல்லாவற்றையும் அழி. மூன்று எண்ணும் ஒரு அம்புக்குறியும் போதும். சந்துக்குள் தொண்ணூறு எட்டில் கடை. சாப்பாடு பன்னிரண்டு நிமிடம். வண்டி நகரப் பத்தொன்பது நிமிடம். உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிகிற மாதிரி எழுத்து உள்ளங்கை அளவு இருக்கட்டும்" என்றேன் நைனாவிடம்.

"என் மூஞ்சி?"

"உன் மூஞ்சியைப் பார்த்தால் பசிக்குமா?"

"பதினெட்டு வருசமா எனக்கே பசிக்கல" என்றாள் பிலோமி உள்ளேயிருந்து.

முகம் அழிந்தது. மறுநாள் இருபத்தாறு இலை. மூன்றாம் நாள் முப்பத்து நான்கு. நைனா என்னைக் கட்டிப்பிடித்து, "சார், நீ என் தோஸ்து" என்றார். நான் சட்டைப் பையிலிருந்த கண்ணாடி உடைந்ததா என்று பார்த்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை எல்லாம் கவிழ்ந்தது. சராசரியில் உள்ள துரோகம் என்னவென்றால், நான்கு நிமிடமும் முப்பத்து நான்கு நிமிடமும் சேர்ந்தாலும் பத்தொன்பதுதான். அன்று அந்த நான்கு நிமிடம் வந்தது. சங்ககிரிக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது வரிசை நகர்ந்துவிட்டது. அவர் லாரி ஆளில்லாமல் நின்றது. பின்னால் முப்பத்தெட்டு லாரிகள் ஒன்றாக ஹாரன் அடித்தன. மனிதர் குழம்புக் கையோடு ஓடிவந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தார். என் பக்கம் திரும்பவில்லை. என் பலகையை மட்டும் பார்த்தார். அடுத்த நாள் இலை எட்டு.

நைனாவாவது என்னைத் திட்டியிருக்கலாம். "நம்பர் கரீட்டுதான் சார். லாரிக்குதான் கணக்கு தெர்ல" என்றார். எனக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை.

மூன்றாம் நாள் அவர் நாற்பது சின்னப் பலகைகளோடு வந்தார். தட்டு அகலம்தான் இருக்கும். மேலே கம்பிக் கொக்கி. நீலப் பெயின்டில் மூன்று வரி:

டிரைவர் சாப்பிடப் போயிருக்கார்.
வந்துடுவார்.
கொஞ்சம் பாத்துக்குங்க.

அடியில் கடைப் பெயர், போன் நம்பர், அம்புக்குறி.

"சாப்டப் போறவன் இத்த வண்டி பின்னால மாட்டிட்டு, சாவிய பின்னாடி வண்டிக்காரன்கிட்ட குட்த்துட்டுப் போவணும். லைன் நவுந்தா அவன் நவுத்தி வுடுவான். அப்பால அவன் போவும்போது இவன் பாத்துப்பான்."

"முன்பின் தெரியாதவனிடம் யாராவது சாவி கொடுப்பார்களா?"

"லாரிய இஸ்துகினு எங்க சார் ஓடுவான்? முன்னாடியும் லாரி, பின்னாடியும் லாரி."

முப்பத்தேழு ஆண்டு துறைமுகத்தில் இருந்த எனக்கு இது தோன்றவில்லை. முதல் பலகையைச் சங்ககிரிக்காரர்தான் மாட்டினார். பின்னால் நின்றவர் ஹாரனில் கை வைத்தார், பலகையைப் படித்தார், கையை எடுத்தார். சோறு தின்னப் போயிருப்பவனைப் பார்த்து ஹாரன் அடிக்க யாருக்கும் மனம் வரவில்லை. அந்த வாரம் நண்பகல் ஹாரன்கள் ஐம்பத்தேழாகக் குறைந்தன. இலை நாற்பத்தொன்று, நாற்பத்தெட்டு, ஐம்பத்தைந்து என்று ஏறியது. பிலோமி மீஞ்சூர்ப் பேச்சை விட்டாள்.

சின்னப் பலகைகளுக்கு என் கேட்தான் கிடங்கு. காலையில் நாற்பது மாட்டி வைப்பேன், மாலையில் எண்ணி எடுப்பேன். முதல் நாள் நாற்பது. இரண்டாம் நாள் முப்பத்தேழு. வார முடிவில் முப்பத்தொன்று. ஒன்பது டிரைவர்கள் சாப்பிட்ட திருப்தியில் பலகையைக் கழற்ற மறந்து போய்விட்டார்கள்.

அந்த ஒன்பதில் ஒன்று ஆந்திர எல்லை தாண்டிச் சுங்கச்சாவடியில் பிடிபட்டது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கன்டெய்னர் லாரி, பின்னால் 'டிரைவர் சாப்பிடப் போயிருக்கார்' என்ற பலகை. தமிழ் படிக்கத் தெரிந்த போலீஸ்காரர் ஒருவர் பதறிப்போய் வண்டியை மறித்தார்.

"வண்டி ஓட்டுறது யாருய்யா?"

"நான்தான் சார்."

"அப்ப சாப்பிடப் போனது?"

"அதுவும் நான்தான் சார்."

போலீஸ்காரர் பலகையிலிருந்த நம்பரில் கூப்பிட்டார். எடுத்தவர் நைனா. "இன்னா சார், அம்மாந்தூரம் வந்துடுச்சா? வண்டிய வுட்டுடு, போர்ட மட்டும் யார்கிட்டியாவது குட்த்து அனுப்பு" என்றார்.

அந்தப் போலீஸ்காரர் எடுத்த படம் போனுக்குப் போன் தாவி, இரண்டே நாளில் எங்கள் பகுதி டிராஃபிக் இன்ஸ்பெக்டரிடம் வந்து சேர்ந்தது. அவர் வெள்ளிக்கிழமை நேரில் வந்தார். நின்ற இருபத்தொரு பலகைகளையும் நடந்து பார்த்தார்.

"ரோட்டோரத்துல ஒரு பலகை இருக்கக் கூடாது. திங்கக்கிழமை வருவேன். இருந்தா அள்ளிட்டுப் போயிடுவேன்" என்றார்.

நைனா ஒரு சின்னப் பலகையைக் கையில் வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. பிலோமி அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "போர்டு இல்லன்னா மறுபடி பதினொண்ணுதான். தம்பிகிட்ட குட்டியானை அனுப்பச் சொல்றேன்" என்றாள். குட்டியானை என்றால் சாமான் ஏற்றும் சின்ன வண்டி. பொங்கலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை குடலிறக்க ஆபரேஷனுக்காக நான் ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாள். என் தம்பி மகன் வந்து கூட்டிப்போனான். வார்டின் கூரையில் இருநூற்று அறுபத்து நான்கு சதுரங்கள். திங்கட்கிழமை முழுக்க நைனாவுக்குப் போன் செய்தேன். பதினோரு முறை. அணைத்து வைக்கப்பட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை ஏழு முறை. அதேதான். தையல் போட்ட இடம் வலிக்கிறதா என்று நர்ஸ் கேட்டபோது, மீஞ்சூருக்கு ரயில் எத்தனை மணி நேரத்துக்கு ஒன்று என்று நான் கேட்டேன்.

புதன்கிழமை ஆட்டோவில் திரும்பினோம். எங்கள் சாலைக்குள் நுழைந்ததும் எண்ண ஆரம்பித்தேன். முதல் வீட்டு வாசலில் பலகை இல்லை. சிமென்ட் டப்பா இருந்த வட்டம் மட்டும் மண்ணில் இருந்தது. இரண்டாம் வீடு, இல்லை. மூன்று, நான்கு, ஐந்து, இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"வலிக்குதா பெரியப்பா?" என்றான் தம்பி மகன்.

ஆறாம் வீட்டுக்கு எதிரே ஆட்டோ நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். மாடிக் கம்பியில் ஒரு நைட்டி காய்ந்தது, இரண்டு துண்டு காய்ந்தது, பக்கத்தில் நீலப் பெயின்டில் சந்துக்குள் தொண்ணூறு எட்டில் கடை என்று ஒரு பலகை தொங்கியது.

ஆட்டோவைப் பின்னால் எடுக்கச் சொன்னேன். தம்பி மகன் தலையில் அடித்துக்கொண்டான். முதல் வீட்டுப் பலகை கேட்டுக்கு உள்ளே நின்றது. இரண்டாவது ஜன்னல் கம்பியில். மூன்றாவது கொய்யா மரத்தில். நான்காவது மோட்டார் பெட்டி மேல். ஐந்தாவது வீட்டில் துணி துவைக்கும் கல்லின் மேல் சாய்ந்திருந்தது. ரோட்டோரத்தில் இருக்கக் கூடாது என்றுதான் இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் ஆளுக்கு ஒரு அடி, இரண்டு அடி உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டார்கள். ஹாரன் இல்லாமல் குழந்தைகள் மத்தியானம் தூங்கிப் பழகிவிட்டன. அதை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனமில்லை. பதினைந்தாம் வீட்டுக்காரர் ஆட்டுக்கொட்டகை ஓட்டையிலிருந்த பலகையை இறக்கிக் கழுவி, நைனாவிடம் அம்புக்குறி எழுதி வாங்கி, மதில் மேல் நிறுத்தியிருந்தார். இனி மழை பெய்தால் ஆடு நனையும்.

என் வீட்டுக்கு முன்னால் இறங்கியபோது, லாரி வரிசையிலிருந்து ஒரு குரல். "பெரியவரே, வந்துட்டீங்களாங்க? தையல் பிரிச்சாச்சுங்களா?" சங்ககிரிக்காரர். அவருக்குப் பின்னால் நின்ற தெலுங்கு டிரைவர், முன்பு திட்டியவரேதான், கை எடுத்துக் கும்பிட்டார். எனக்கு ஆபரேஷன் என்பது இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே கேட்டைப் பார்த்தேன். அங்கே ஒரு புதுப் பலகை.

டாலி சார் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கார்.
வந்துடுவார்.
கொஞ்சம் பாத்துக்குங்க.

அடியில் ஒரு அம்புக்குறி.

சந்திலிருந்து நைனா கரண்டியோடு வந்தார்.

"உனக்கு அறிவு இருக்கிறதா? வீடு காலி என்று திருடனுக்கு எழுதி மாட்டியிருக்கிறாயே" என்றேன்.

"எரநூறு டிரைவரு ராப்பகலா உன் வூட்டயே பாத்துகினு கீறான். எந்தத் திருடன் சார் வருவான்?"

"போனை ஏன் அணைத்து வைத்தாய்?"

"பேஜாரு சார். உன் போர்டு இங்க வந்துடுச்சு, அங்க வந்துடுச்சுன்னு ஊர்பட்ட போனு."

"இன்ஸ்பெக்டர்?"

"வந்தாரு. பாத்தாரு. ரோட்ல ஒன்னியும் இல்ல. அப்பால சாப்ட்டுப் போனாரு, ரெண்டு வாட்டி ரசம் வாங்கினாரு. பைக் பின்னால ஒரு போர்டு மாட்டி வுட்டேன், அவரும் கழட்டாமப் போய்ட்டாரு."

"குட்டியானை?"

"காலியா வந்துச்சு, காலியாப் போச்சு" என்றாள் பின்னாலேயே வந்த பிலோமி. "இன்னிக்கு அம்பத்திரண்டு எலை. நீ உள்ள வா சார், உனக்குக் காரம் கம்மியா தனியா வெச்சிருக்கேன்."

தம்பி மகன் பையை இறக்கப் போனான். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். இப்போது எங்கள் சாலையில் இருபத்து மூன்று பலகைகள். இருபத்திரண்டில் அம்புக்குறி கடைச் சந்தைக் காட்டுகிறது. இருபத்து மூன்றாவதில் மட்டும் அது என் வீட்டைக் காட்டுகிறது.